'ரூம் மஸ்ட் வெக்கேட்' என்று எழுதினால் என்ன தப்பு? அவசரம்

கோத்தகிரி வீடு
வணக்கம். 'ரூம் மஸ்ட் வெக்கேட்' என்று எழுதி ஒட்டியிருந்தேன். தங்க வந்த ஒருவர் அதைப் போட்டோ எடுத்தார், கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களிடமே கேட்கக் கூச்சமாக இருந்தது. மஸ்ட் என்றால் வேண்டும், வெக்கேட் என்றால் காலி செய்வது, சரிதானே? நாளைக் காலையில் பெயின்டர் வருகிறார், அதற்குள் யாராவது சொல்லுங்கள்.

குன்னூர் தேயிலை
முழு வரியையும் போடுங்கள் அண்ணா. வாசலில் மாட்டும் போர்டா, அறைக்குள் ஒட்டும் தாளா? வருகிறவர்கள் யார், நம் ஊர்க்காரர்களா வெளிமாநிலமா? அதைப் பொறுத்துத்தான் சொல்ல முடியும்.

இலக்கணம்72
இது பள்ளிக்கூடத்திலேயே படித்த பாடம். மோடல் வெர்ப் (மஸ்ட், கேன், ஷுட் மாதிரி துணைவினை), அப்புறம் 'பி', அப்புறம் வினையின் மூன்றாவது வடிவம். மஸ்ட் பி வெக்கேட்டட். அடிப்படையே தெரியாமல் ஆங்கிலப் போர்டு மாட்ட ஏன் ஆசைப்பட வேண்டும்? முதலில் ஒரு நல்ல இலக்கணப் புத்தகம் வாங்குங்கள்.

வெலிங்டன் மாமா
செயப்பாட்டு வினையே வேண்டாம் தம்பி. 'யூ மஸ்ட் வெக்கேட் த ரூம்' என்று போடுங்கள், வேலை முடிந்தது. யார் செய்ய வேண்டும் என்று நேராகச் சொல்வதுதான் நல்ல ஆங்கிலம். நான் எல்லோருக்கும் இதையே சொல்வேன்.

குன்னூர் தேயிலை
மாமா, காசு கொடுத்துத் தங்குகிறவர் முகத்துக்கு நேரே 'யூ மஸ்ட்' என்றால் விரல் நீட்டி அதட்டுவது மாதிரி இருக்கும். பேச்சிலேயே 'யூ நீட் டு செக் அவுட் பை லெவன்' என்று கொஞ்சம் இறக்கித்தான் சொல்வார்கள். போர்டில் 'மஸ்ட் பி' என்று வரும்போது ஆள் யாரென்று சொல்லவே தேவையில்லை, அறைக்கு உள்ள விதி அது என்று ஆகிவிடுகிறது. அதனால்தான் போர்டு, மருந்துச் சீட்டு, விண்ணப்பப் படிவம் எல்லாவற்றிலும் இந்த அமைப்பு இவ்வளவு வருகிறது.

ஊட்டி டாக்ஸி
இதில் சிரிக்க எதுவும் இல்லை. நான் பல வருஷமாக மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறேன். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும், அது சட்டம். கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு, ஆளை ஏற்றிக்கொண்டு ஏறுகிற வண்டி நடு வளைவில் நின்றுவிட்டால் மறுபடி எடுப்பதற்குள் கிளட்ச் வாசனை வந்துவிடும். புது டிரைவர்களுக்காக இதை ஆங்கிலத்தில் ஒரு தாளில் அடித்தோம். வர வேண்டியது 'அப்ஹில் வெஹிக்கிள்ஸ் மஸ்ட் பி கிவன் வே'. தாளில் வந்தது 'அப்ஹில் வெஹிக்கிள்ஸ் மஸ்ட் கிவ் வே'. அதாவது ஏறுகிறவன் ஒதுங்கு என்று! 'பி' என்கிற ஒரு சின்ன வார்த்தை விழுந்து, கிவன் என்பது கிவ் ஆனதில் சட்டமே தலைகீழாகிவிட்டது. விநியோகிக்கும் முன் ஒரு பையன் கண்டுபிடித்தான், நல்ல வேளை.

கோத்தகிரி வீடு
மன்னிக்கவும், முழுதாகச் சொல்லவில்லை. அறைக்குள் மாட்டும் போர்டு. பெங்களூரிலிருந்தும் கேரளாவிலிருந்தும் நிறையப் பேர் வருகிறார்கள். ஐந்து வரி:
ரூம் மஸ்ட் வெக்கேட் பை 11 ஏ.எம்.
ஹாட் வாட்டர் கேன் யூஸ் 6 டு 8.
விண்டோஸ் ஷுட் க்ளோஸ் (குரங்கு வரும்).
பிளாஸ்டிக் பாட்டில் மஸ்ட் நாட் பிரிங்.
ஃபுட் வேஸ்ட் மஸ்ட் நாட் த்ரோ அவுட்சைட், பேர் வில் கம்.

குன்னூர் தேயிலை
இப்போது புரிகிறது. அண்ணா, தமிழில் 'அறையைக் காலி செய்ய வேண்டும்' என்கிறோம். யார் என்று சொல்வதில்லை, 'ஐ' உருபு இருப்பதால் அறை காலி செய்யப்படுவது என்று காது பிடித்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் அந்த உருபு கிடையாது, முதலில் எது நிற்கிறதோ அதுதான் செய்கிறது. உங்கள் போர்டில் அறையே பெட்டியைத் தூக்கிக்கொண்டு 11 மணிக்குக் கிளம்ப வேண்டும், வெந்நீரே எதையோ பயன்படுத்தலாம் என்று ஆகிறது. ஆகவே: மஸ்ட் பி வெக்கேட்டட், கேன் பி யூஸ்டு, மஸ்ட் நாட் பி பிராட், மஸ்ட் நாட் பி த்ரோன். 'பேர் வில் கம்' மட்டும் சரி, கரடி தானாகத்தானே வருகிறது! முன்னால் ஓர் 'ஏ' மட்டும் போட்டு 'ஏ பேர் வில் கம்' ஆக்குங்கள்.

ஜன்னல் வரி கொஞ்சம் தந்திரமானது. க்ளோஸ், ஓப்பன், பிரேக் மாதிரி வினைகளுக்கு இரண்டு பக்கமும் உண்டு. நாம் மூடு, மூடிக்கொள் என்றும், உடைத்தது, உடைந்தது என்றும் பிரித்துச் சொல்வதை அவர்கள் ஒரே சொல்லில் சொல்வார்கள். அதனால் 'விண்டோஸ் ஷுட் க்ளோஸ்' இலக்கணப்படி தப்பில்லை, ஆனால் 'ஜன்னல் சரியாக மூடிக்கொள்ள வேண்டும், ஏதோ கோளாறு போல' என்று அர்த்தம் வரும். 'ஷுட் பி கெப்ட் க்ளோஸ்டு' என்று போடுங்கள்.

இலக்கணம்72
இதைத்தான் நான் ஒரே வரியில் சொன்னேன்.

ஊட்டி டாக்ஸி
ஒரே வரியில் சொன்னீர்கள் சார், அதோடு புத்தகம் வாங்கவும் சொன்னீர்கள். நாளைக் காலையில் பெயின்டர் நிற்கிறவருக்குப் புத்தகம் எதற்கு?

படுகு மண்
எனக்கு வேறு ஒரு வருத்தம். இந்தப் 'படு' தொல்லை ஆங்கிலத்திலிருந்துதான் தமிழ் போர்டுகளுக்குள் வந்தது. 'உணவு அனுமதிக்கப்பட மாட்டாது', 'அபராதம் விதிக்கப்படும்'. வீட்டில் யாராவது இப்படிப் பேசுவார்களா? 'சாப்பாடு கொண்டுவராதீர்கள்' என்றால் எவ்வளவு நன்றாக இருக்கிறது.

இலக்கணம்72
தவறு. 'செயப்படுபொருள்' என்ற சொல்லே தொல்காப்பியத்தில் இருக்கிறது, அதற்குள் 'படு' இருக்கிறது பாருங்கள். ஆங்கிலேயர் வரும் முன்பே உள்ளது.

படுகு மண்
இருக்கட்டும், ஆனால் அதே தொல்காப்பியம் செயப்படுபொருளைச் செய்தது போலச் சொல்வதும் வழக்குதான் என்கிறதே. உரைகாரர்கள் கொடுக்கும் உதாரணம் 'திண்ணை மெழுகிற்று'. திண்ணையா மெழுகும்? யாரோ மெழுகினார்கள், சொல்லும்போது திண்ணையே மெழுகிய மாதிரி. அப்படிப் பார்த்தால் 'ரூம் மஸ்ட் வெக்கேட்' நம் காதுக்கு இயல்பாகப் பட்டதில் வியப்பே இல்லை, அவரை யாரும் சிரிக்க வேண்டாம்.

இலக்கணம்72
அது சரியான உதாரணம்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'படு' வேற்றுச்சரக்கு என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வெலிங்டன் மாமா
எனக்கு இன்னும் 'யூ' போடுவதே பிடித்திருக்கிறது. லண்டன் சுரங்க ரயிலில் நகரும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் 'டாக்ஸ் மஸ்ட் பி கேரீட்' என்று இருக்கும். நாய் இருந்தால் தூக்கிக்கொள் என்று அர்த்தம், ஆனால் எழுத்தின்படி பார்த்தால் நாய் இல்லாதவன் ஏறவே கூடாது! ஆளை விட்டுவிட்டால் இப்படித்தான் ஆகும்.

குன்னூர் தேயிலை
அது 'மஸ்ட் பி'யின் குற்றம் இல்லை மாமா, 'இஃப் யூ ஹேவ் எ டாக்' என்பது விட்டுப்போனது.

கோத்தகிரி வீடு
இன்னும் ஒன்று. அதே ஆட்கள் விருந்தினர் நோட்டில் எழுதிவிட்டுப் போனது: 'வீ ஷுட் ஹேவ் பீன் டோல்ட் அபௌட் த ஹாட் வாட்டர்.' ஷுட் என்றால் வேண்டும் என்பதால், இனிமேல் சொல்லச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். மனைவி அது குறை என்கிறாள்.

குன்னூர் தேயிலை
அக்கா சொல்வது சரி. 'ஷுட் பி டோல்ட்' என்றால் சொல்ல வேண்டும், 'ஷுட் ஹேவ் பீன் டோல்ட்' என்றால் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. காலையில் 9 மணிக்குக் குளிர்ந்த தண்ணீர் வந்திருக்கும் பாவம். ஆனால் கவனியுங்கள், 'யூ டிடின்ட் டெல் அஸ்' என்று எழுதாமல் விட்டிருக்கிறார்கள். யார் சொல்லவில்லை என்று பெயர் வராமல், மரியாதையாகக் குறை சொல்வதற்கும் இந்த அமைப்பைத்தான் பிடிப்பார்கள். நான் வேலை செய்யும் இடத்தில் வரும் மெயில்களில் தினமும் பார்க்கிறேன், 'திஸ் குட் ஹேவ் பீன் அவாய்டட்' என்று வந்தால் யாருக்கோ வசவு என்று அர்த்தம்.

இன்னொரு எச்சரிக்கை: மஸ்ட் பி வந்தாலே செயப்பாட்டு வினை இல்லை. 'யூ மஸ்ட் பி டயர்ட்' என்றால் களைத்திருப்பீர்கள் என்று ஓர் ஊகம், அவ்வளவுதான்.

ஊட்டி டாக்ஸி
அண்ணா, பிளாஸ்டிக் வரியைப் பெரிதாக எழுதுங்கள். சோதனைச் சாவடியில் பாட்டிலைப் பிடுங்கும்போது என் வண்டியில் இருக்கிறவர்கள் என்னிடம்தான் கோபிக்கிறார்கள். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டி நீலகிரிக்குள் வர இ-பாஸும் வேண்டும், அதையும் சேர்த்தால் புண்ணியம்: 'இ-பாஸ் மஸ்ட் பி டேக்கன் பிஃபோர் யூ கம் அப்'.

படுகு மண்
அறைக்குள் மாட்டுகிற போர்டில் இ-பாஸ் எதற்கு, அவர்தான் மேலே வந்துவிட்டாரே? அது புக்கிங் மெசேஜில் போக வேண்டியது.

ஊட்டி டாக்ஸி
ஆமாம், அதுவும் சரிதான்.

கோத்தகிரி வீடு
எல்லோருக்கும் நன்றி. பெயின்டர் எழுத்துக்கு இவ்வளவு என்று கேட்கிறார், அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். செக்-அவுட் 11 ஏ.எம். என்று மட்டும் போட்டேன். வெந்நீர், ஜன்னல், பாட்டில், சாப்பாட்டு மிச்சம் நான்கும் நீங்கள் சொன்னபடி 'பி' சேர்த்து. கரடிக்கும் 'ஏ' போட்டாயிற்று. வெந்நீர் நேரத்தை இனி சாவி கொடுக்கும்போதே வாயாலும் சொல்லிவிடுகிறேன்.