அரசுப் பள்ளி ஆய்வகத்துக்கு சிஎஸ்ஆர் நிதி: விண்ணப்பம் எழுதுவது எப்படி?

கரும்பலகை:
அரசு உயர்நிலைப் பள்ளி. 9, 10 சேர்த்து 120 பிள்ளைகள். ஆய்வக அறை இருக்கிறது, சாமான் இல்லை. பக்கத்துத் தொழிற்சாலையிடம் சிஎஸ்ஆர் நிதியில் (கம்பெனிகள் சமூகப் பணிக்குச் செலவிடும் பணம்) 3 லட்சம் கேட்கலாம் என்றிருக்கிறோம். பள்ளிக்கு சிஎஸ்ஆர்-1 பதிவு கிடையாது. பணத்தை எந்தக் கணக்கில் வாங்குவது? விண்ணப்பத்தில் என்னென்ன வர வேண்டும்?

பேரேடு:
பணமாகக் கேட்காதீங்க சார், பொருளாகக் கேளுங்க. 2021 ஏப்ரலில் வந்த அந்தப் பதிவு, கம்பெனிக்காக வேலையை எடுத்துச் செய்யும் டிரஸ்ட், சங்கங்களுக்கு. கம்பெனியே வாங்கி இறக்கினால் பள்ளி வெறும் பயனாளிதான். பில் கம்பெனி பெயரில், டெலிவரி பள்ளிக்கு. வந்ததும் இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, அந்தப் பக்கத்தின் நகலோடு பெற்றுக்கொண்ட கடிதம் கொடுத்துடுங்க. அவங்க ஆடிட்டருக்கு அது வேணும். டிரஸ்ட் வழியாகத்தான் தருவோம் என்றால் அதற்கு வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள், 3 வருட அனுபவம் இருக்கான்னு பாருங்க. அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டும் தமிழக அரசின் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்திலும் முயலலாம். ஆசிரியர் சொந்தக் கணக்கில் மட்டும் ஒரு ரூபாய்கூட வரக் கூடாது.

சோதனைக்குழாய்:
2 பக்கம் போதும். "அறிவியல் மனப்பான்மை வளர" என்று ஆரம்பித்தால் அங்கேயே மடித்துவைத்துவிடுவார்கள். பத்தாம் வகுப்பில் செய்முறைக்கு 25 மதிப்பெண். எந்தெந்தச் சோதனை, எந்தப் பொருள் இல்லாததால் நடக்கவில்லை என்று முதல் பத்தியிலேயே எழுதுங்கள். எண்ணிக்கைக்கும் கணக்கு காட்ட வேண்டும்: ஒரு தடவைக்கு 30 பேர், 5 பேருக்கு ஒரு செட், ஆக 6 செட். 20 நுண்ணோக்கி கேட்டால் மொத்தப் பட்டியல் மேலேயே சந்தேகம் வரும்.

பட்ஜெட்டில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 3 லட்சத்துக்குக் கொட்டேஷன் வாங்கி 18 சதவீத ஜிஎஸ்டியை விட்டுவிட்டால் 54,000 துண்டு விழும். வண்டி வாடகை, தண்ணீர்க் குழாய், மின் இணைப்புக்கான எர்த் வேலையும் அப்படியே விட்டுப்போகும். அடுத்த வருட ரசாயனம் யார் பொறுப்பு என்று ஒரு வரியாவது இருக்கட்டும்.

இணைப்பு: பள்ளியின் 11 இலக்க அடையாள எண்ணான யூடைஸ் எண், பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம், 3 கொட்டேஷன், அறையின் படம்.

பேரேடு:
நேரமும் முக்கியம். கம்பெனிகளுக்குக் கணக்கு வருடம் ஏப்ரல்–மார்ச். புது வருடத் திட்டத்தில் இடம் வேணும்னா ஜனவரியிலேயே கொடுங்க. மார்ச்சில் மிச்சப் பணம் இருந்தால் திடீர்னு கூப்பிடுவாங்க. அப்போ கொட்டேஷன் காலாவதி ஆகியிருக்கக் கூடாது. உள்ளூருக்கு முன்னுரிமை தரச் சொல்லி கம்பெனிச் சட்டம் 135ஆம் பிரிவே சொல்லுது. ஆலைக்கும் பள்ளிக்கும் எத்தனை கிலோமீட்டர்னு எழுதுங்க.

கரும்பலகை:
தீர்மானத்தில் தொகையும் போடணுமா?

சோதனைக்குழாய்:
வேண்டாம் சார். பொருளும் எண்ணிக்கையும் போதும். தொகை போட்டால், விலை மாறும்போது மறுபடி கூட்டம் கூட்ட வேண்டிவரும்.