நலிந்த ஹைட்ராஞ்சியாவுக்கு முட்டும் பதியனும்: எங்கள் அனுபவம்

ஊட்டியிலிருந்து:

எங்கள் வாசலில் ஒரு பழைய நீல ஹைட்ராஞ்சியா நிற்கிறது. தண்டு மெலிசு, பூங்கொத்து மட்டும் பெரிசு. ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் கொத்துகள் தண்ணீரில் கனத்து, தண்டோடு மண்ணில் படுத்துவிடும். பார்க்கிறவர்கள் எல்லாம் உரம் போடச் சொன்னார்கள். தொய்கிற செடிக்கு யூரியா மாதிரி தழைச்சத்து உரம் போடவே கூடாது என்பேன். இலை கரும்பச்சையாகத் தழைக்கும், தண்டு இன்னும் இளகிப்போகும். இந்தச் செடிக்கு வெளிச்சம் போதாததுதான் குறை. கிழக்குப் பக்க வேலியைத் தாழ்த்தி வெட்டிக் காலை வெயில் பட வைத்தோம். தூரைச் சுற்றி மக்கிய இலையும் தொழுவுரமும் போட்டோம். அடுத்த பருவத்துச் சிம்புகள் நன்றாகவே திரண்டு வந்தன.

முட்டு, மொட்டு விடும்போதே கொடுத்துவிட வேண்டும். பூத்த பிறகு நிமிர்த்தினால் தண்டு கணுவில் ஒடிகிறது. மூங்கில் குச்சிகளைச் சற்று வெளிப்பக்கம் சாய்த்து ஊன்றி, பழைய பருத்திப் புடவையைக் கிழித்த நாடாவால் எட்டு வடிவில் கட்டுகிறேன். தண்டுக்கும் குச்சிக்கும் நடுவே நாடா குறுக்கே போவதால் காற்றில் ஆடினாலும் தோல் உரியாது. செடி முழுவதையும் ஒரே கட்டாகக் கட்டாதீர்கள். உள்ளே காற்று போகாமல் இலையில் சாம்பல் நோய் வரும்.

கவாத்திலும் கவனம் வேண்டும். இந்த வகை முந்தைய வருஷத் தண்டின் மொட்டில்தான் பூக்கும். குளிருக்கு முன் மொட்டையடித்தால் அடுத்த பருவத்தில் பூ கிடைக்காது. டிசம்பர், ஜனவரி உறைபனி நுனி மொட்டைக் கருக்கிவிடும் என்பதால் காய்ந்த கொத்துகளை மார்ச் வரை விட்டுவைக்கிறேன். கீழே இருக்கும் மொட்டுக்கு அது குடை. அப்புறம் கிழட்டுத் தண்டுகளில் ஒன்றிரண்டைத் தரையோடு அறுத்தால் போதும்.

கொடைக்கானலிலிருந்து:

தழைச்சத்து பற்றி ஊட்டி அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் பதியனைப் பற்றி, அதாவது கிளையைச் செடியிலிருந்து வெட்டாமலே மண்ணில் புதைத்து வேர் பிடிக்க வைப்பதைப் பற்றிச் சொல்கிறேன். வெட்டி நட்ட குச்சி தன்னிடம் இருக்கும் சத்தை வைத்துத்தான் வேர் விட வேண்டும். நலிந்த செடியின் குச்சியில் அது எங்கே இருக்கும்? பதியன் போட்ட கிளைக்கு வேர் பிடிக்கும்வரை தாய்ச்செடியே ஊட்டுகிறது.

தரையை ஒட்டிய, பூக்காத கிளையாகப் பார்த்து, ஒரு கணுவுக்குக் கீழே அடிப்பக்கத் தோலை ஓர் அங்குல நீளத்துக்குச் சீவினேன். அந்த இடத்தை 2 அங்குல ஆழத்தில் புதைத்து மேலே ஒரு கல் வைத்தேன். கிளை எம்பாது, அடியில் ஈரமும் காயாது. நுனியை நிமிர்த்திச் சிறு குச்சியில் கட்டினேன். மழைக்கு முன் போட்டது இது. மழை ஓய்ந்ததும் லேசாக இழுத்தேன், மண் விடவில்லை. விலக்கிப் பார்த்தால், சீவிய இடத்தின் விளிம்பு தடித்து, அதிலிருந்தும் கணுவிலிருந்தும் வெள்ளை வேர்கள் கிளம்பியிருந்தன. தாயிடமிருந்து அறுத்த பிறகும் சில வாரம் அங்கேயே விட்டு, புது இலை வந்ததும்தான் பெயர்த்தேன்.

பெங்களூரிலிருந்து:

தொட்டியில் வளர்ப்பவர்கள் பக்கத்தில் ஒரு சின்னத் தொட்டியை வைத்து அதில் கிளையைப் புதைக்கலாம். குச்சியும் போட்டுப் பார்த்தேன்: பூக்காத நுனியில் 10 முதல் 15 செ.மீ., கணுவுக்குக் கீழே வெட்டி, அடி இலைகளை எடுத்துவிட்டு, மேல் இலை இரண்டையும் பாதியாகக் கத்தரித்து, மணலும் தென்னை நார்த்தூளும் கலந்து நட்டேன். மேலே அடி அறுத்த தண்ணீர் பாட்டில். திடமான சிம்பில் எடுத்தவை பிடித்தன, சூம்பியவை கறுத்து அழுகின. ஆகவே கொடைக்கானல் நண்பரின் கட்சிதான் நானும்.

ஊட்டியிலிருந்து கொண்டுவந்த நீலச் செடியின் பிள்ளைகள் இங்கே ரோஸ் நிறத்தில் பூத்தன. மலை மண் புளிப்பு மண். அதில் அலுமினியம் கரைந்து பூவுக்கு ஏறுவதால் நீலம் வருகிறது. இங்கே போர்வெல் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு அதைத் தடுக்கிறது. மழைநீரைப் பிடித்து ஊற்ற ஆரம்பித்த பிறகு இதழோரம் ஊதா தட்டுகிறது. மத்தியான வெயிலில் இலை தொங்கினால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள். மண்ணுக்குள் விரல் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் சாயங்காலம் தானாகவே நிமிர்ந்துவிடும்.