சீனத் தொன்மத் துப்பறியும் புதினத்துக்குக் கலைச்சொல்: 'ஈருலக வழக்குப் புதினம்'

அனைவருக்கும் வணக்கம்.

சீனத் தொன்மங்களை ஒட்டிய துப்பறியும் புதினங்களை 'அமானுஷ்யத் துப்பறியும் நாவல்' என்றே அழைக்கலாம் என்ற பரிந்துரையை என்னால் ஏற்க இயலவில்லை. அச்சொல் வாசகரை அச்சத்துக்கு ஆயத்தப்படுத்துகிறது. இக்கதைகளிலோ ஆவி பெரும்பாலும் முறையிடவே வருகிறது.

வட சொங் அரசின் அதிகாரியாக வாழ்ந்த பாவ் ஜெங் (999–1062) பகலில் மண்ணுலகுக்கும் இரவில் கீழுலகுக்கும் நீதி வழங்கினார் என்பது மக்கள் நம்பிக்கை. அவரைப் பற்றி யுவான் அரசமரபின் காலம் முதல் மேடையேறிவரும் கதையொன்றில், பணத்துக்காகக் கொல்லப்பட்ட வணிகனின் உடலைச் சூளையில் எரித்து, சாம்பலை மண்ணோடு குழைத்துப் பானையாக வனைந்துவிடுகிறார்கள். அந்தப் பானை ஒரு முதியவரிடம் பேசி, தன்னை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகச் சொல்கிறது. அங்கே போனதும் வாய் திறப்பதில்லை, ஏனெனில் வாசலைக் காக்கும் தெய்வங்கள் ஆவியை உள்ளே விடவில்லை. அவற்றுக்குக் காகிதப் பணம் எரித்து, பாவ் வழிவிடச் செய்த பின்னரே வணிகன் சாட்சி சொல்கிறான். ஆவியும் நீதிமன்ற நடைமுறைக்குக் கட்டுப்பட்டது என்பதே இவ்வகையின் உயிர்நாடி என்று நான் கருதுகிறேன். கீழுலகமே எழுத்தர், பதிவேடு, அழைப்பாணை என்று இயங்கும் ஓர் அலுவலகம்தான். அதன் அரசர் யான்லுவோ பௌத்தத்தின் வழியே சீனம் சென்ற யமனே ஆதலால், சித்திரகுப்தனின் கணக்கை அறிந்த நம் வாசகருக்கு இது அந்நியமாகாது.

வழக்குக் கதைகளுக்கான சீனப் பெயராகிய 'கோங்ஆன்' என்பதையே ஒலிபெயர்க்கலாம் எனின், ஆவியே வராத வழக்குக் கதைகளையும் அது குறிக்கும். ஜென் பௌத்தத்தில் தியானத்துக்குரிய புதிரைக் குறிக்கும் 'கோஆன்' என்பதும் அதே சொல்தான்.

ஆகவே 'ஈருலக வழக்குப் புதினம்' என்பதை முன்மொழிகிறேன். 'துப்பு' விடுபடுகிறதே என்ற தடை எழலாம். பழைய சீன வழக்குக் கதைகள் பலவற்றில் குற்றவாளி யார் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். உண்மை எவ்வாறு மன்றம் ஏறுகிறது என்பதிலேயே சுவை இருக்கிறது. இன்றைய காவல் ஆய்வாளரை நாயகராகக் கொண்ட புதினங்களுக்கும், 'வழக்குப் பதிவு' என்னும் ஆட்சிச் சொல் இருப்பதால், இப்பெயர் பொருந்தும்.

நாயகரைக் குறிக்க 'ஈருலக நடுவர்' எனலாம். 'நடுவன்' என்பதற்கு நீதி கூறுபவன், யமன் என்னும் இரு பொருளும் தமிழில் முன்பே உண்டு. பாவ் ஜெங்குக்கு இதனினும் பொருத்தமான சொல் எனக்குத் தென்படவில்லை.