மகளின் கொப்பி முழுக்க எரிமலை, யாராவது அனுபவம் சொல்லுங்கோ

வணக்கம். நாங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறோம். மகளுக்குப் பத்து வயது. ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஒன்றாக இருக்கும் மொண்டிசோரி வகுப்புக்கு இந்த வருடம்தான் மாறினாள். காலையில் மூன்று மணித்தியாலம் பாட மணியே அடிக்காது, எந்த வேலையை எடுப்பது, யாரோடு செய்வது எல்லாம் அவள் முடிவு, செய்ததை நேரம் போட்டு ஒரு கொப்பியில் எழுத வேண்டும், கிழமைக்கு ஒருமுறை ரீச்சர் அவளோடு இருந்து பார்ப்பார்.

போன கிழமை அந்தக் கொப்பியைத் திறந்தேன். செவ்வாய் எரிமலை. புதன் எரிமலை. வியாழன் ‘எரிமலைக்கு நிறம் தீட்டல்’. வெள்ளி மட்டும், சோதனைக்குழாய்களில் பச்சை, நீலம், சிவப்பு மணிகள் வைத்துச் செய்யும் வகுத்தல், அதுவும் பாதியில். மணிகள் கொட்டிவிட்டனவாம், பொறுக்கவே அரை மணித்தியாலம் போனதாம்!

ரீச்சர் பொறுங்கோ என்கிறார். இந்த முறையை உருவாக்கிய மரியா மொண்டிசோரி அம்மையார் 1944இல் இலங்கைக்கே வந்து பயிற்சி நடத்தியவர், ஆனாலும் இங்கே மொண்டிசோரி என்றால் மூன்று வயதுக் குழந்தை போகும் இடம், அப்புறம் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை, அவ்வளவுதான்.

இந்த வயதைத் தாண்டிய பிள்ளைகள் உள்ளவர்கள் சொல்லுங்கோ: கணக்குக்குத் தானாக வந்தார்களா, இல்லை கிழமைத் திட்டம் போட நீங்கள் கூட இருந்தீர்களா? உள்ளூர்ப் பாடத்திட்டத்துக்குத் திரும்பியவர்கள் எந்த வயதில் மாற்றினீர்கள்?

ரியூசன் போடுங்கோ என்று மட்டும் சொல்லாதேங்கோ, அதற்கு வீட்டிலேயே நாலு பேர் இருக்கிறார்கள்.