கிளினிக்ல டேப்லெட் கம்ப்யூட்டர் வந்தாச்சு, பெரிய டாக்டர் தொட மாட்டேங்கறார். வழி சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில ஒரு சின்ன கிளினிக்ல 11 வருஷமா நர்ஸா இருக்கேன். போன மாசம் சீட்டு, நோட்டெல்லாம் நிறுத்திட்டு டேப்லெட்டுக்கு மாறினோம். சின்ன டாக்டருக்கு ரொம்ப இஷ்டம். பெரியவர் தொடவே மாட்டேங்கறார்.

அவரைக் குறை சொல்லவும் மனசு வரல. காசிமேட்டுலருந்து வர்ற ஒரு ஆயா, "சின்னவரு என் மூஞ்சியக்கூட பாக்கல, அந்தப் பலகையத்தான் தட்டினு இருந்தாரு"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. பெரியவர் கீழ் இமையை இழுத்துப் பார்த்துட்டு ரத்தம் கம்மின்னு டெஸ்ட் எழுதுவார். வீடியோவுல பேஷண்ட்டைப் பாக்கறதைப் பத்திப் பேசினா, "இத வீடியோவுல பாப்பியாம்மா?"ங்கறார். நேர்ல வரணுமா, போன் போதுமான்னு டாக்டரே முடிவு பண்ணலாம்னு 2020 மார்ச்ல வந்த டெலிமெடிசின் (போன், வீடியோ வழியா வைத்தியம்) வழிகாட்டுதல் சொல்லுது. அதைக் காட்டினதும் கொஞ்சம் இறங்கி வந்தார்.

என் பாடுதான் திண்டாட்டம். அவர் எழுதற சீட்டை ராத்திரி உக்காந்து நான் டைப் பண்றேன். நேத்து 5 மி.கி.யா 50ஆன்னு புரியாம அவருக்கே போன் போட்டேன். 14 இலக்க ஆபா நம்பர் (அரசாங்கத்தோட ஹெல்த் அடையாள எண்) கேட்டா "பேங்க் பணம் போயிடுமா"ன்னு பயப்படறாங்க, அது தனிக் கதை.

ராயபுரம், வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் இப்படி மாறினவங்க சொல்லுங்க. சீனியர் டாக்டரை எப்படி வழிக்குக் கொண்டுவந்தீங்க? டைப் பண்ண தனி ஆள் வெச்சீங்களா, இல்ல சீட்டை போட்டோ எடுத்து ஏத்தறீங்களா? பேசினா எழுதற வசதி மருந்துப் பேரைச் சரியா பிடிக்குதா? கரண்ட் போனா என்ன பண்றீங்க?

சாஃப்ட்வேர் விக்கறவங்க இன்பாக்ஸுக்கு வராதீங்க, ப்ளீஸ்.