'டிஃபண்ட்' சொல்லுக்குத் தமிழ்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

கோபி டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். தமிழ்வழி அரசியல் அறிவியல் மாணவர்களுக்காக ஒரு பாடம் மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. போராட்ட முழக்கம் காவல்துறைச் சீர்திருத்தத்துக்கு ஆதரவைக் கூட்டுமா குறைக்குமா என்பது பாடம். 2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ்காரரால் கொல்லப்பட்ட பிறகு ஊர் ஊராகக் கேட்ட 'டிஃபண்ட் த போலீஸ்' (defund the police) முழக்கம்தான் அதில் பெரிய உதாரணம்.

அந்த 'டிஃபண்ட்'டில்தான் மாட்டிக்கொண்டேன். போன வாரம் ஒரு வகுப்பில் 'காவல்துறைக்கு நிதியை நிறுத்து' என்று பலகையில் எழுதி, யார் யார் ஆதரிக்கிறீர்கள் என்றேன். பின்பெஞ்சில் இரண்டு கை. அடுத்த வகுப்பில் 'காவல்துறைப் பணத்தில் ஒரு பங்கை மனநல மருத்துவத்துக்கும் வீட்டுவசதிக்கும் கொடு' என்று எழுதினேன். பாதி வகுப்பு கை தூக்கிவிட்டது. பாடம் சொல்ல வருவதும் இதைத்தான். ஆனால் நான் எந்தச் சொல்லைப் போட்டாலும் விடையையும் சேர்த்தல்லவா போட்டுவிடுகிறேன்? உதவுங்கள்.

அவிநாசி:

டீச்சர், இதற்கு நம்மிடமே சொல் இருக்கிறதுங்க. மடைமாற்று. தண்ணீர் அதே தண்ணீர், வயல்தான் வேறு. கீழ்பவானியில் ஒற்றைப்படை மதகுக்கு ஒரு முறை, இரட்டைப்படை மதகுக்கு ஒரு முறை என்று விடுகிறார்களே, அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம். 'காவல் நிதி மடைமாற்றம்'.

பெருந்துறை:

அவிநாசி அண்ணா, முறைப்படி மதகு திறப்பது வேறு, மடை மாற்றுவது வேறு. எங்கள் பக்கம் ராத்திரியில் மடையை மாற்றினவனைத் தேடி மண்வெட்டியோடு போவார்கள். பத்திரிகையிலும் அப்படித்தான். ஆதிதிராவிடர் துணைத்திட்ட நிதி மடைமாற்றம் என்றால் யாராவது நல்ல காரியம் என்று படிப்பார்களா? புகாராகத்தான் படிப்பார்கள். நல்லதைச் சொல்லப் போய்த் திருட்டுப்பட்டம் கட்டுகிறீர்கள்.

தாராபுரம் புலவர்:

அன்பர்களே, வேரிலிருந்து வருவோம். கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' உண்டு. ஊர்க்காவலுக்கும் அந்தப் பெயர், அதற்கென்று வாங்கிய வரிக்கும் அந்தப் பெயர். பிற்காலத்தில் தலையாரிக்கு மானிய நிலம். ஆக, காவலுக்குப் படியளப்பதை நிறுத்துவது நமக்குப் புதிதன்று. 'பாடிகாவல் விலக்கு' என்று அழகாகச் சொல்லலாம்.

'முழக்கம்' பற்றியும் ஒரு வார்த்தை. முழவு, முழங்கு, முழக்கம். முழவு தோற்கருவி. உள்ளே வெற்றிடம் இருந்தால்தான் ஒலிக்கும். (இதை நகைச்சுவைக்குச் சொல்லவில்லை.)

பெருந்துறை:

ஐயா, 'விலக்கு' என்றால் வரிவிலக்கு, மதுவிலக்கு. பிள்ளைகள் போலீசுக்கு வரி கிடையாது என்று எழுதி வைப்பார்கள். பாடிகாவலுக்கு அடிக்குறிப்பு, அந்த அடிக்குறிப்புக்கு இன்னொரு அடிக்குறிப்பு வேண்டும்.

பொள்ளாச்சி:

எல்லாரும் பெயர்ச்சொல் தேடுகிறீர்கள், சிக்கல் வினையில் இருக்கிறது. நம் முழக்கம் பெரும்பாலும் வியங்கோள்: வாழ்க, ஒழிக. 1965 பிப்ரவரியில் எங்கள் ஊரில் துப்பாக்கிச் சூடு நடந்த நாட்களில் முழக்கம் 'இந்தி ஒழிக'. கோரிக்கையோ திணிக்காதே என்பது. அந்த மொழியையே அழிக்கச் சொல்கிறார்கள் என்று இங்கே யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒழிக என்பது விருப்பம். அதற்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. 'டிஃபண்ட்' அப்படியில்லை, ஏவல். நகரமன்றத்தைப் பார்த்து 'இதைச் செய்' என்கிறது. ஏவல் என்றதும் கேட்கிறவன், 'சரி, ராத்திரி திருடன் வந்தால் நான் யாரைக் கூப்பிடுவது?' என்கிறான். ஆதரவு கழன்றது அந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம்.

தாராபுரம் புலவர்:

வியங்கோள் தன்மை, முன்னிலையில் வராது என்பார் தொல்காப்பியர். நன்னூலார் 'இடம்பால் எங்கும்' என்று திறந்துவிட்டார். ஆகவே 'காவல்நிதி ஒழிக' என்று வியங்கோளிலேயே

அவிநாசி:

புலவர் ஐயா, வெள்ளிக்கிழமை!

சத்தியமங்கலம்:

கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மடைமாற்றத்தில் எனக்கு வேறு வருத்தம். கோஷம் போட்டவர்களே ஒரே பொருளில் போடவில்லை. பணத்தைப் பிரித்துக் கொடு என்றவர்களும் இருந்தார்கள். ஆமாம், போலீசையே முழுக்க ஒழிக்கத்தான் சொல்கிறோம் என்று 2020 ஜூனிலேயே நாளிதழில் எழுதியவர்களும் இருந்தார்கள். அந்த இரட்டைப் பொருள்தான் அதன் பலமும் வம்பும். அந்த டிசம்பரில் ஒபாமாவே, இப்படிச் சுருக்கென்று சொன்னால் பெரிய கூட்டத்தை இழப்பீர்கள் என்றார். 2021 நவம்பரில் மினியாபொலிஸில் காவல்துறைக்குப் பதில் பொதுப் பாதுகாப்புத் துறை அமைக்கலாமா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். வாக்குச்சீட்டில் 'டிஃபண்ட்' என்ற சொல்லே கிடையாது. எதிர்த்தவர்கள் கொண்டுவந்து ஒட்டினார்கள். சுமார் 56 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். இவ்வளவு சண்டைக்குக் காரணமான சொல்லை நாம் தமிழில் சாந்தமாக்கிக் கொடுத்தால், ஏன் சண்டை வந்தது என்றே பிள்ளைகளுக்குப் புரியாது.

ஆனால் கோஷத்தை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அதே 2020 ஜூனில் சாத்தான்குளம். நாம் எல்லாரும் 'நீதி வேண்டும்' என்றோம். சரிதான், ஆனால் அது அந்தக் காவலர்களைத் தண்டிக்கக் கேட்டது. துறையை மாற்றக் கேட்கவில்லை. காவல்துறைச் சீர்திருத்தம் கேட்ட பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-லேயே ஏழு உத்தரவுகள் போட்டிருக்கிறது: புகார் விசாரிக்கத் தனி ஆணையம், அதிகாரிகளை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது, இப்படி. அதை எந்தத் தெருவில் யார் கோஷம் போட்டார்கள்? வீரப்பன் தேடலின்போது அதிரடிப்படையிடம் அடிபட்டவர்கள் எங்கள் மலையில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் 'ஏழு உத்தரவு' என்றால் என்ன புரியும்?

கோபி டீச்சர்:

சத்தி அக்கா சொன்னதைப் பாடத்தின் கடைசிப் பயிற்சிக் கேள்வியாக வைக்கப் போகிறேன், அனுமதி உண்டுதானே? சொல்லுக்கு இன்னும் வழி காணோம். 'நிதிக்குறைப்பு' என்று போடட்டுமா? தட்டையான சொல்தான். ஆனால் நிறுத்தத்துக்கும் மடைமாற்றத்துக்கும் நடுவில் நிற்கிறது. முழக்கத்தை 'டிஃபண்ட் த போலீஸ்' என்று அப்படியே தமிழ் எழுத்தில் விட்டுவிடுகிறேன்.

பெருந்துறை:

போடுங்க டீச்சர். ஆங்கிலத்தைத் தமிழில் எழுதியதற்குத் தூய்மைவாதிகள் திட்டுவார்கள், திட்டட்டும்.

அவிநாசி:

எனக்கு இன்னும் மடைமாற்றம்தான். ஆனால் சம்மதம்.

பொள்ளாச்சி:

சம்மதம். குறைப்பில் ஏவலின் உறைப்பு இல்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

தாராபுரம் புலவர்:

எனக்குச் சம்மதம் இல்லை. முதலில், நிதியைக் குறைத்தல் இரண்டாம் வேற்றுமைத் தொகை. அங்கே வலி மிகாது. 'நிதிகுறைப்பு' என்றே எழுத வேண்டும்.

பெருந்துறை:

வரிக்குறைப்பு என்று தினம் பேப்பரில் வருகிறதே ஐயா?

தாராபுரம் புலவர்:

பேப்பரில் வருவதெல்லாம் இலக்கணமா? விரிவாக நாளை எழுதுகிறேன்.

கோபி டீச்சர்:

க் போட்டே அனுப்பிவிட்டேன் ஐயா. மன்னிக்கணும்.