1524 கோர்த்தெஸ் வளைகுடாப் படம் இன்றைய கரையோடு பொருந்தவில்லை, எங்கே தவறுகிறேன்?

கரைக்கோடு

வணக்கம். வரலாறு முதுகலை படிக்கிறேன். மெக்சிகோ வளைகுடாவின் கரையை ஸ்பானியர்கள் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக அறிந்தார்கள் என்பது என் ஆய்வேடு. ஆஸ்டெக் அரசை வென்ற ஸ்பானியத் தளபதி எர்னான் கோர்த்தெஸ் தன் மன்னருக்கு எழுதிய இரண்டாம் கடிதம் 1524இல் நியூரம்பர்க்கில் லத்தீனில் அச்சானபோது அதோடு ஒரு மரவெட்டுப் படமும் வந்தது. வலப்பக்கம் பெரிதாக ஆஸ்டெக் தலைநகர் தெனொச்தித்லான், இடப்பக்கம் சிறிதாக வளைகுடாக் கரை. அந்த இடப்பக்கத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் இன்றைய கரையின் மேல் போட்டுப் பார்க்கிறேன். மூன்று நாளாகப் பொருந்தவே மாட்டேன் என்கிறது.

முதலில் யுகட்டான் (வளைகுடாவின் தெற்கே உள்ள மெக்சிகோவின் தீபகற்பம்) மேலேயும் ஃப்ளோரிடா கீழேயும் இருந்தன. தலைகீழாக இருக்கிறதே என்று ‘வெர்ட்டிகல் ஃப்ளிப்’ கொடுத்தேன். ஃப்ளோரிடா மேலே வந்துவிட்டது, ஆனால் வலப்பக்கம் நிற்க வேண்டியது இடப்பக்கம் நிற்கிறது. கட்டையில் செதுக்கியவர் பக்கம் மாற்றிச் செதுக்கிவிட்டாரா?

அப்படியே பழைய படத்திலும் இன்றைய படத்திலும் ஒரே இடம் என்று 14 புள்ளி குறித்து, படத்தை வளைத்துப் பொருத்தும் ‘தின் பிளேட் ஸ்ப்ளைன்’ முறையைப் போட்டேன். பிழை பூஜ்யம் என்று வருகிறது. ஆனால் கரை, பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டு கிடக்கிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

மரவெட்டு

செதுக்கியவர் மேல் தவறு இல்லை. அந்த வளைகுடாப் படத்தில் தெற்குதான் மேலே. தெற்கு மேலே என்றால் கிழக்கு இடக்கைப் பக்கம் வரும். அதனால்தான் ஃப்ளோரிடாவும் கியூபாவின் மேற்கு முனையும் இடப்பக்கம் இருக்கின்றன. நீங்கள் செய்ய வேண்டியது 180 பாகை சுழற்றுவது மட்டும். ‘ஃப்ளிப்’ கொடுத்ததால் கண்ணாடி பிம்பம் ஆகிவிட்டது.

இதைச் சோதிக்கச் சுலபமான வழி, எழுத்தைப் பார்ப்பது. மரக்கட்டையில் எழுத்தைத் திருப்பிச் செதுக்கினால்தான் தாளில் நேராக விழும். மூலத் தாளில் ஊர்ப்பெயர்கள் ஒழுங்காகப் படிக்க வருகின்றன என்றால் கரையும் சரியாகத்தான் இருக்கிறது. நீங்கள் புரட்டிய படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், ‘லா ஃப்ளோரிடா’ என்பதைப் படிக்கவே முடியாது. (அந்தப் பெயர் அச்சில் வந்த முதல் வரைபடமே இதுதான். அதனால் அந்த எழுத்தை ஒருமுறை நேராகப் பார்த்துவிடுங்கள்.)

அதே தாளில் நகரப் படத்துக்கு மேற்கு மேலே. வடக்கை மேலே வைக்கும் வழக்கம் அன்று இறுகியிருக்கவில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் திசையைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கரைக்கோடு

சுழற்றிவிட்டேன். எழுத்தும் கரையும் சரியாக வந்துவிட்டன, மிக்க நன்றி ஐயா. ஆனால் ஸ்ப்ளைன் முறுக்கு இன்னும் போகவில்லை. யுகட்டானுக்கும் நிலத்துக்கும் நடுவே இருக்கும் தண்ணீர் வேறு இழுத்துக்கொண்டு கிழிகிறது.

நீர்மட்டம்

ஸ்ப்ளைனை விட்டுவிடுங்கள். நீங்கள் குறித்த ஒவ்வொரு புள்ளியையும் அது தொட்டே தீரும், அதற்காக நடுவில் இருப்பதை எப்படி வேண்டுமானாலும் வளைக்கும். பிழை பூஜ்யம் என்று வருவதும் அதனால்தான், அந்த எண்ணை நம்பாதீர்கள். அதே மென்பொருளில் உள்ள ‘ஹெல்மெர்ட்’ முறையை எடுங்கள். அது சுழற்றும், நகர்த்தும், பெரிதாக்கும், உருவத்தைக் குலைக்காது. மிச்சம் வரும் பிழைதான் உங்கள் ஆய்வுக்கு வேண்டிய செய்தி.

14 புள்ளியும் வேண்டாம். எனக்குத் தெரிந்து நம்பக்கூடியவை மூன்று: கியூபாவின் மேற்கு முனை, கிரிஹால்வா ஆற்றின் வாய், பானுகோ ஆறு கடலில் விழும் இடம் (இன்றைய தம்பிகோ). வடகரையில் உள்ள எஸ்பிரித்து சாந்தோ ஆற்றைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். அதை மிசிசிப்பி என்று நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள், மொபீல் விரிகுடா என்று சொல்பவர்களும் உண்டு. எந்த ஆறு என்றே முடிவாகாத ஒன்றில் ஆணி அடித்தால் மொத்தப் படமும் அந்தப் பக்கம் சாயும்.

தூர அளவுக்கு ஸ்ப்ளைன் தேவையே இல்லை. படத்திலேயே புள்ளிகளால் ஆன அளவுகோல் இருக்கிறது. பக்கத்தில் உள்ள லத்தீன் குறிப்பின்படி ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு 12½ லீக், ஒரு லீக்குக்கு 4 இத்தாலிய மைல். இத்தாலிய மைலை 1.48 கிலோமீட்டர் என்று வைத்தால் ஒரு லீக் 5.9 கிலோமீட்டர் அளவுக்கு வரும். இதைக் கொண்டு உங்கள் ஹெல்மெர்ட் தரும் அளவு சரிதானா என்று பார்க்கலாம்.

பழந்தாள்

யுகட்டான் பற்றி நான் சொல்கிறேன். அந்தத் தண்ணீரை மூடப் பார்க்காதீர்கள் தம்பி. அதை வரைந்தவர்கள் யுகட்டான் தீவு என்றே நம்பினார்கள். 1518இல் ஹுவான் தெ கிரிஹால்வாவோடு போன தலைமை மாலுமி அன்தோன் தெ அலாமினோஸ், மேற்கே ஒரு பெரிய உப்பங்கழியைக் கண்டு தீவு அங்கே முடிகிறது என்று எண்ணினார். அதற்கு வைத்த பெயர்தான் இன்றும் ‘லகூனா தெ தெர்மினோஸ்’, எல்லைகளின் கழி. 1513இல் போன்ஸ் தெ லெயோனை ஃப்ளோரிடாவுக்குக் கூட்டிப் போனவரும் அவரே, 1517இல் கோர்தோபாவோடும் 1519இல் கோர்த்தெஸோடும் போனவரும் அவரே. ஒரே மனிதரின் கண் இத்தனை பயணத்திலும் இருந்திருக்கிறது. அவர் நம்பிய தீவை நாம் மென்பொருளால் நிலத்தோடு ஒட்டிவிட்டால், ஆய்வேட்டில் காட்ட வேண்டியதே காணாமல் போய்விடும்.

வடகரை வேறு வழியாக வந்தது. ஜமைக்காவின் ஆளுநர் பிரான்சிஸ்கோ தெ கராய் 1519இல் அலோன்சோ அல்வாரெஸ் தெ பினேதாவை நான்கு கப்பலோடு அனுப்பினார். ஃப்ளோரிடா தீவு அல்ல, நிலத்தோடு சேர்ந்தது என்று அந்தப் பயணத்தில்தான் தெளிவானது. அப்போது வரைந்த கைப்படம் செவில் நகர இந்தியத் தீவுகளின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது, அதில் வடக்கு மேலே. நியூரம்பர்க் படத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பெயர்களின் வரிசையை ஒப்பிடுங்கள். இந்தக் கரைப் படங்களில் தூரத்தை விட வரிசைதான் நம்பகமானது என்பது என் கருத்து. மாலுமி ஆற்றுவாயிலிருந்து ஆற்றுவாய்க்குத்தான் கணக்கு வைத்தான்.

இன்னொன்று. வெரக்ரூஸைப் புள்ளியாக வைத்திருந்தால் இன்றைய நகரத்தில் வைக்காதீர்கள். 1519இல் அமைந்தது வடக்கே, கியாவிஸ்த்லான் அருகே. பிறகு லா ஆன்திகுவாவுக்குப் போய், 1599இல்தான் இப்போதைய இடத்துக்கு வந்தது.

கரைக்கோடு

வெரக்ரூஸை இன்றைய நகரத்தில்தான் வைத்திருந்தேன் ஐயா. இன்னொரு சந்தேகம். ஸ்பெயினின் படம் என்கிறோம், ஆனால் அச்சானது நியூரம்பர்க்கில். ஸ்பெயினிலேயே அச்சான கரைப் படம் ஏதாவது ஒப்பிடக் கிடைக்குமா?

பழந்தாள்

மிகக் குறைவு. இதே கடிதத்தை 1522இல் செவிலில் ஹாகோபோ குரோம்பெர்கர் அச்சிட்டார், அதில் இந்தப் படம் கிடையாது. கடல்வழிப் படங்கள், புதிய உலகப் பயணங்களை மேற்பார்த்த அரசு அலுவலகமான செவிலின் வணிக இல்லத்தில் கையெழுத்தாகவே இருந்தன. 1508 முதல் ‘பத்ரோன் ரெயால்’ என்ற மூலப்படத்தை அங்கே வைத்துத் திருத்தி வந்தார்கள். போட்டி நாடுகளின் கைக்குப் போய்விடக் கூடாது என்ற கவலையும் இருந்தது.

ஆனால் அதே குரோம்பெர்கர் 1511இல் வரலாற்றாசிரியர் பீட்டர் மார்ட்டிரின் நூலுக்கு ஒரு மரவெட்டுப் படம் அச்சிட்டிருக்கிறார். கரீபியத் தீவுகளும் தென்னமெரிக்க வடகரையும் அதில் உண்டு. கியூபாவுக்கு வடக்கே ‘பெய்மெனி தீவின் ஒரு பகுதி’ என்று ஒரு நிலம் இருக்கிறது, போன்ஸ் தெ லெயோன் ஃப்ளோரிடாவுக்குப் போவதற்கு இரண்டு ஆண்டு முன்பே! எனக்கு எப்போது பார்த்தாலும் சிலிர்க்கும். வடக்கு மேலே இருப்பதால் ஹெல்மெர்ட்டை முதலில் அதில் பழகிப் பாருங்கள். அடுத்து 1545இல் வயதொலித்தில் அச்சான பெத்ரோ தெ மெதினாவின் ‘ஆர்த்தெ தெ நவெகார்’ (கடலோடும் கலை) நூலில் உள்ள புதிய உலகப் படம். 1511, 1524, 1545 என்று மூன்றையும் அடுத்தடுத்து வைத்தால் கரை நிரம்பிக்கொண்டே வருவது தெரியும்.

மரவெட்டு

நியூரம்பர்க் படத்துக்கு சிகாகோ நியூபெரி நூலகத்தின் பிரதியைப் பாருங்கள். கையால் வண்ணம் தீட்டியது, நீர் எது நிலம் எது என்று குழப்பம் வராது.

கரைக்கோடு

நேற்று இரவு மூன்றே புள்ளியில் ஹெல்மெர்ட் போட்டேன். முறுக்கு போய்விட்டது. தெற்குக் கரை ஓரளவு உட்காருகிறது, ஃப்ளோரிடா பக்கம் நன்றாகவே விலகி நிற்கிறது. அதை அப்படியே விட்டு, விலகலை மட்டும் அம்புக்குறியால் காட்டப் போகிறேன். யுகட்டான் தீவாகவே இருக்கும். எஸ்பிரித்து சாந்தோவின் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. பினேதா படத்தோடு பெயர் வரிசையை ஒப்பிடும் அட்டவணையை இன்று தொடங்கிவிட்டேன், பானுகோ வரை வந்திருக்கிறேன்.